ஊமைக் கலியாணம்

இராசமலர் ஒரு காலத்தில் ரிக்கற் விற்றவர். திருகோணமலை நகரத்தில் இருந்த தியேட்டர் ஒன்றில், பெண்கள் பக்கத்துச் சின்ன யன்னலுக்குப் பின்னால், கலியாணமான புதிதிலிருந்து தியேட்டர் இழுத்து மூடப்படும்வரை அவர்தான் இருந்தார். ரிக்கற் இல்லாமல் அந்த யன்னலைத் தாண்டிப் போனவர்கள் கிடையாது. சொந்த மாமியாரையே மறித்து வைத்தவர் என்று அவர் குடியிருந்த லிங்கநகரில் இன்றைக்கும் சொல்வார்கள். கேட்டால், "மறிக்கேல்லை. ரிக்கற்றை எடுங்கோ மாமி எண்டனான், அவ்வளவுதான்" என்பார். அப்படிப்பட்ட மனுசியைத்தான் பிற்காலத்தில் கள்ளச் சீடிக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறவர் என்று சிலர் பேசினார்கள். நரம்பில்லாத நாக்கு, பேசிவிட்டுப் போகட்டும். நடந்தது என்ன என்று அவர்களில் ஒருவரும் வந்து கேட்கவில்லை.

சொந்த ஊர் ஈச்சிலம்பற்று. துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அருளம்பலத்தைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தார். தொண்ணூறில் சண்டை மூண்டபோது அருளம்பலம் சுடுபட்டுச் செத்துப்போனார். தியேட்டரும் மூடிவிட்டது. மிஞ்சியது ஒரு தையல் மெசினும் மகள் சுபாசினியும்தான். சாறிக்கு ஓரம் அடித்து, பள்ளிக்கூடச் சட்டை தைத்து, கொஞ்சக்காலம் அகதி முகாம், கொஞ்சக்காலம் அண்ணன் வீடு என்று இழுபட்டு, கடைசியில் மறுபடியும் லிங்கநகருக்கே வந்து சேர்ந்தார். படம் பார்க்கிற ஆசை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. தியேட்டர் இல்லாத இடத்தில் சீடிதான் தியேட்டர். ஒரிஜினல் சீடி விற்கிற கடை ஒன்றை அவர் திருகோணமலையில் கண்டதில்லை. ஊர் முழுக்கப் பார்த்த கொப்பிச் சீடியை அவரும் பார்த்தார். ரிக்கற் கிழித்த கை அல்லவா, உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் செய்தது.

போர்நிறுத்தம் என்று எல்லாரும் மூச்சு விட்ட அந்த நாலைந்து வருசத்துக்குள் சுபாசினிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். இராசமலருக்கு எல்லாமே 'வெளிநாடு'தான். குளிர் கூடின வெளிநாடு, குளிர் குறைந்த வெளிநாடு என்று மட்டும் அவருக்கு வித்தியாசம் தெரியும். லீவு எடுத்து வந்த மாப்பிள்ளை, வீட்டு வாசலில் போட்ட பந்தலில் தாலி கட்டி, கொஞ்ச நாள் இருந்து விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மனைவியை அங்கே கூப்பிடுவதற்கான பத்திரங்களைப் போட்டார். பத்திரங்கள் தூதரகத்தில் கிடந்தன. அப்படியே ஒரு வருசம் போய்விட்டது.

அந்த ஒரு வருசத்தில் போர்நிறுத்தம் பேருக்குத்தான் இருந்தது. வீதிக்கு வீதி ஆமிக்காரரின் சென்ரி முளைத்தது. கடைக்குப் போன பெடியன் பொழுதுபடுமுன் வராவிட்டால் அந்த வீட்டில் ஒப்பாரி தொடங்கியது. சுபாசினி தையல் ஊசி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனால்கூட, திரும்பி வந்து படலையைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை இராசமலரின் மெசின் ஓடாது. மகள் பிளேன் ஏறிவிட்டால் போதும், பிறகு தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அவர் நினைத்தார். அதைவிட அவருக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

அப்போதுதான் தூதரகம் கேட்டது. கலியாணம் உண்மையானதுதானா என்று பார்க்க வேண்டும். கலியாண வீடியோவை முழுசாக, இரண்டு பிரதி, ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள் என்று.

வீட்டில் இருந்தது ஒரு சீடி. அதையும் வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டுக் காட்டித் தேய்த்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கையை உயர்த்துவார். அந்த இடத்தில் படம் நின்று, சதுரம் சதுரமாக உடைந்து, பிறகு சாப்பாட்டுப் பந்திக்குத் தாவிவிடும். மாப்பிள்ளை கொண்டுபோன சீடியை அவரோடு அறையில் இருந்த யாரோ ஒரு நண்பன் கீறி வைத்துவிட்டான். தாலி கட்டாத கலியாணத்தைத் தூதரகத்துக்கு அனுப்பி என்ன பிரயோசனம்? இராசமலர் குடையை எடுத்துக்கொண்டு யேசுரட்ணத்தின் கடைக்கு நடந்தார்.

யேசுரட்ணம்தான் அந்தக் கலியாணத்துக்கு வீடியோ எடுத்தவன். நகரத்தில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தான். முன்பக்கம் சீடி விற்பனை, பின்பக்கம் கொம்பியூட்டர். அன்றைக்கு முன்பக்கத்து அலுமாரியில் ஒரு சீடிகூட இல்லை. தூசி படிந்த தட்டுகளுக்கு முன்னால் அவன் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தான்.

"என்ன தம்பி, கடையைக் கழுவிட்டியோ?"

"மலரக்கா, மெல்லக் கதையுங்கோ. சீடிக் கதையே வேண்டாம். அங்காலக் கடையில போன கிழமை பொலிஸ் வந்து கொம்பியூட்டரோட தூக்கிட்டாங்கள். ஆள் இப்ப வழக்கெண்டு கோட்டுக்கு அலையிறார். புதுச் சட்டமாம். படம், பாட்டு ஒண்டும் கொப்பி அடிக்கேலாது. இன்னும் இறுக்கப் போகினமாம்."

"நான் படம் கேக்க வரேல்லை. என்ர பிள்ளையின்ர கலியாணம் உன்ர கொம்பியூட்டருக்குள்ள கிடக்குத்தானே. அதில இரண்டு கொப்பி தா."

யேசுரட்ணம் தலையைச் சொறிந்தான். "அதுக்குள்ள தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் சினிமாப் பாட்டெல்லோ கிடக்கு."

"இருக்கட்டுமன். கலியாணம் எங்கட."

"கலியாணம் உங்கட, அக்கா. பாட்டு அவையின்ர."

இராசமலருக்குக் கோபம் ஏறிவிட்டது. பெண் அழைப்புக்கு ஒரு பாட்டு, கால் கழுவ ஒரு பாட்டு, தாலிக்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு என்று வைத்தது யார்? அவனேதான். எங்கள் பக்கத்தில் கலியாண வீடியோ என்றால் அப்படித்தான். பாட்டு இல்லாமல் கொடுத்தால் வீடியோக்காரனுக்கு வேலை தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "பாட்டைப் போட்டது நீ. இப்ப பயமெண்டு நீயே ஒளியிறாய். என்ர பிள்ளை என்னெண்டு போறது?" என்று கேட்டார். யேசுரட்ணம் நல்லவன்தான். ஆனால் அவனுக்கும் மூன்று பிள்ளைகள். அவன் எழும்பி வெறும் அலுமாரித் தட்டைத் துடைக்கத் தொடங்கினான்.

வீட்டுக்கு வந்தால் ரபீக்கா தயிர் முட்டிகளோடு வாசலில் இருந்தார். குறிஞ்சாக்கேணிக்காரி. கிண்ணியாவில் 'பாதை' ஏறி, அதுதான் பஸ்ஸையும் ஆட்களையும் சேர்த்துக் கரை மாற்றும் அந்தத் தட்டைப் படகு, கிழமைக்கு இரண்டு தரம் லிங்கநகருக்குத் தயிர் கொண்டு வருவார். சுபாசினியின் கலியாணத்துக்கும் தயிர் அவருடையதுதான். வீடியோவில் பந்தியில் இரண்டு இடத்தில் வருகிறார். விசயத்தைக் கேட்டதும் அவரும் பொரிந்து தள்ளினார். அவருடைய மகன் உயர்தரச் சோதனைக்குப் படிக்கிறான். விஞ்ஞானத்துக்கு அவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை. கொழும்பு வாத்தியார் ஒருவர் பாடம் நடத்தின சீடியைக் கொப்பி அடித்துத்தான் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் படித்தார்கள். இப்போது அதுவும் இல்லையாம்.

"சோதனைக்கு மூணு மாசம் கிடக்கு மலரக்கா. கடைக்காரங்க எல்லாம் கைய விரிச்சிட்டாங்க. எங்கட புள்ள என்ன செய்யுற? கொழும்பில இருந்து ஆள் வந்து, கடைக்காரங்களுக்குச் சட்டத்த விளங்கப்படுத்துறாங்களாம். நாளைக்குக் கூட்டம்."

"கடைக்காரருக்கு மட்டுமோ?"

"ஓம், அப்பிடித்தான் சொன்னாங்க."

"விக்கிறவனுக்குக் கூட்டம். வாங்கிற எங்களுக்கு ஒண்டும் இல்லையோ? நாளைக்கு வாங்கோ, போவம்."

அடுத்த நாள் கூட்டம் நடந்த மண்டபத்தில் கடைக்காரர்கள் தலை குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். பின்னால் ஒரு வரிசை பெண்கள் வந்து நின்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லிங்கநகர் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருத்தி வந்திருந்தார்கள். பாதிப்பேர் கையில் கலியாணச் சீடி, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்குச் சீடி. கொழும்பிலிருந்து வந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய, நல்ல தமிழ் பேசுகிற மனுசர். பாட்டெழுதினவன், பாடினவன், வாத்தியம் வாசித்தவன் எல்லாரும் உழைத்ததை ஊர் இலவசமாகத் தின்கிறது, இதைத் தடுக்கத்தான் சட்டம் என்று அவர் விளக்கினார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை என்று இராசமலருக்கே பட்டது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

எழும்பி நின்றார். "ஐயா, நான் தியேட்டரில ரிக்கற் வித்தனான். ஓசியில ஒருத்தரையும் விட்டது கிடையாது. பாடினவருக்குக் குடுக்க வேண்டாமெண்டு நாங்கள் சொல்லேல்லை. எங்க குடுக்கிறது? திருகோணமலையில ஒரிஜினல் விக்கிற கடை ஒண்டைக் காட்டுங்கோ. இப்பவே போய் வாங்கிறம்."

"கொழும்பில் இருக்கிறது, அம்மா."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "கொழும்புக்குப் போற வழியில எத்தினை இடத்தில இறக்கி ஏத்துறாங்கள் எண்டு தெரியுமோ ஐயா? இவவின்ர மகன் பாடச் சீடிக்காகக் கொழும்புக்குப் போய் எங்கையாவது பிடிபட்டால் ஆர் பொறுப்பு? யன்னலைத் திறந்து வைச்சிட்டு ரிக்கற் கேளுங்கோ. யன்னலே இல்லாமல் ஆளைப் பிடிக்கிறதெண்டால் அது என்ன நியாயம்?"

அந்த மனுசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலிடத்தில் சொல்வதாகச் சொன்னார். எங்கும் எல்லாரும் சொல்வதுதான். பிறகு இராசமலர் கையில் இருந்த சீடியைக் கண்டு அது என்ன என்று கேட்டார். இவர் சொன்னார். கேட்டுவிட்டு, "அதில் உள்ள பாட்டுகளை நீக்கிவிடச் சொல்லுங்கள், அம்மா. பிறகு அது முழுக்க உங்கள் கலியாணம். எத்தனை பிரதி எடுத்தாலும் ஒருவரும் கேட்க ஏலாது" என்றார்.

இராசமலருக்கு வென்றுவிட்டது மாதிரி இருந்தது. மண்டபத்து வாசலிலேயே ரபீக்கா ஒரு மகஜருக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்: எங்கள் ஊரில் முதல் கடையைத் திறவுங்கள், பிள்ளைகளின் பாடத்துக்கும் வீட்டு விசேசங்களுக்கும் விலக்குத் தாருங்கள், அதுவரை சட்டத்தை இறுக்காதீர்கள் என்று. பாதை ஏறி இறங்குகிற இடத்தில் நின்று வாங்கினதில் இரண்டு கரையிலும் நிறையக் கையெழுத்துச் சேர்ந்தது.

யேசுரட்ணம் பாட்டை நீக்கினான். பயந்தவன் செய்கிற வேலை. சுபாசினியின் கலியாணத்தில் மட்டும் இல்லை, கொம்பியூட்டரில் இருந்த அத்தனை பாட்டையும் அடியோடு அழித்துவிட்டுத்தான் அவனுக்கு மூச்சு வந்தது. பிறகு படத்தை ஓட்டிக் காட்டினான். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார், சத்தம் இல்லை. ஐயர் வாயசைத்தார், சத்தம் இல்லை. சுபாசினி எதையோ கேட்டுச் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

"சத்தத்தைக் கூட்டு" என்றார் இராசமலர்.

"கூட்ட ஒண்டும் இல்லை அக்கா. நான் சத்தம் பிடிக்கிறேல்லை. மைக் வயரைக் கழட்டி வைச்சிட்டுத்தான் எடுக்கிறனான்."

ஏன் என்று கேட்டார். யேசுரட்ணம் சொன்ன காரணத்தைக் கேட்டால் வேறொரு நாளில் சிரிப்பு வந்திருக்கும். அவன் தொழில் தொடங்கின காலத்தில் ஒரு கலியாண வீட்டில், கமெராவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் வீட்டுப் பெரியம்மா, மாப்பிள்ளையின் தாய் கொண்டுவந்த கூறைச் சாறியைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். அது அப்படியே சீடியில் ஏறி, மாப்பிள்ளை வீட்டு ஹோலில் எல்லாருக்கும் முன்னால் ஓடி, இரண்டு குடும்பமும் அன்றைக்கு முறிந்ததுதான். அந்த நாளிலிருந்து யேசுரட்ணம் வயரைக் கழற்றிவிடுவான். எப்படியும் பாட்டுத்தானே போடப்போகிறோம், பிறகென்ன சத்தம்?

தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊமைப் படமாக இருந்தாலும் தாலி கட்டுவது தெளிவாகத் தெரிகிறது, அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இரண்டு பிரதியை அனுப்பிவைத்தார். மனசு தேறவில்லை.

சித்திரை வருசப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால் சந்தையில் குண்டு வெடித்தது. கடைகள் எரிந்தன. யார் யாரை அடித்தார்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, அடிபட்டவர்களுக்குத் தெரியும். ஊரடங்கு போட்டார்கள். ஒழுங்கையில் வீடு வீடாகப் பூட்டுத் தொங்கத் தொடங்கியது. சிலர் வவுனியாவுக்குப் போனார்கள், சிலர் படகேறி இந்தியாவுக்குப் போனார்கள். அந்த நாட்களில்தான் சுபாசினியை நேரில் வரச் சொல்லித் தூதரகம் கூப்பிட்டது. இராசமலரின் அண்ணன் கனகரத்தினம் அவளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். மெசினை விட்டுவிட்டுத் தானும் போக இராசமலருக்கு ஆசைதான். ஆனால் வீட்டைப் பூட்டினால் திரும்பி வரும்போது வீடு இருக்குமோ என்ற பயம். படலையடியில் நின்று பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் ஒன்றும் தைக்கவில்லை.

இரண்டாம் நாள், காசு கொடுத்துப் போன் கதைக்கிற கொமினிக்கேசன் கடைக்கு அழைப்பு வந்தது. கூண்டுக்குள் நின்று ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நம்பினம் இல்லை" என்றாள் சுபாசினி. அழுதிருந்தது குரலிலேயே தெரிந்தது. "ஏன் சத்தத்தை எடுத்திருக்கிறியள், எதை மறைக்கிறியள் எண்டு கேக்கினம். சட்டத்தைச் சொன்னனான். உங்கட பக்கத்துக் கலியாணம் எத்தினையோ பாத்திட்டம், பாட்டில்லாமல் ஒண்டும் வந்ததில்லை எண்டு சொல்லினம்."

இராசமலர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். சட்டத்துக்குப் பயந்து பாட்டை எடுத்தோம். எடுத்ததாலேயே கள்ளக் கலியாணம் ஆகிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

"இன்னொண்டும் கேட்டவை, அம்மா. தாலி கட்டேக்கை பொம்பிளையின்ர தாய் எங்க, ஏன் அவவைக் காணேல்லை எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"எனக்கு வாய் வரேல்லை. மாமாதான் ஏதோ சொன்னவர். பதினைஞ்சு நாள் தந்திருக்கினம். வேறை வீடியோ இருந்தால் கொண்டு வரட்டாம். நாங்கள் இஞ்ச லொட்ஜிலயே நிக்கிறம். றோட்டில வர மாமாவுக்குப் பயமாக் கிடக்காம்."

இராசமலர் அந்த நேரத்தில் எங்கே நின்றார் என்பது எங்கள் ஊரில் யாரையும் கேட்டால் சொல்வார்கள், கேட்க வேண்டிய தேவையும் இல்லை. புருசன் இல்லாதவர். தாலி கட்டுகிற நேரத்தில் மணவறைக்கு முன்னால் நிற்கக் கூடாது. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவராகவே எழும்பிக் குசினிக்குள் போய், சாம்பார் அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டு நின்றார். வெளியே மேளம் உச்சத்துக்கு ஏறியதைக் கேட்டுத்தான் மகளின் கழுத்தில் தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டார். அதைப் பற்றி அதுவரை அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. தூர தேசத்து ஆள் ஒருவர் கேட்டபிறகுதான் அது சுட்டது.

அங்கிருந்து நேரே யேசுரட்ணத்திடம் போனார். பாட்டுகளைத் திரும்பப் போட முடியுமா? முடியாது. எல்லாம் அழிந்துவிட்டது, கடைகள் எல்லாம் துடைத்துக் கிடந்தன, கிடைத்தாலும் அவன் தொடமாட்டான். பாட்டுள்ள பழைய சீடி தாலியில் நின்றுவிடும். இரண்டு பேரும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து அந்த ஊமைக் கலியாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க இராசமலருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தா, அண்ணன் கால் கழுவத் தண்ணி குடுக்கிறார். இது மாப்பிள்ளையின்ர தமக்கை. அந்தா ரபீக்கா, தயிரைச் சிந்திப்போட்டு முழிக்கிறா..."

சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்தினார். "தம்பி, உன்னட்ட மைக் கிடக்குத்தானே?"

"கிடக்கு."

"வயரைப் பூட்டு. நாங்கள் சொல்லுறம். கலியாணத்துக்கு வந்த நாங்களே பாத்துப் பாத்துச் சொல்லுறம், ஆர் ஆர், என்ன நடந்ததெண்டு. அதைப் பாட்டுக்குப் பதிலாப் போடு."

யேசுரட்ணம் தயங்கினான். "கள்ள வேலை எண்டு நினைச்சினமெண்டால்?"

"என்ன கள்ளம்? இப்ப சொன்னதெண்டு தொடக்கத்திலயே சொல்லுவம். பாட்டும் பிறகு வைச்சதுதானே, அண்டைக்கு ஆர் பந்தலுக்குள்ள நிண்டு பாடினவை? இதில ஒருத்தற்ற பாட்டும் இல்லை. எந்தப் பொலிஸ் வந்து கேக்கும்?"

அடுத்த நாள் பின்னேரம், ஊரடங்கு தொடங்குமுன், ஸ்ரூடியோவின் பின்னறையில் பெண்கள் வந்து நிறைந்தார்கள். நிறைந்தார்கள் என்று சொல்வது பழக்கத்தில். கலியாணத்துக்கு வந்தவர்களில் கால்வாசிகூட இல்லை. படத்தில் சிரித்துக்கொண்டு நின்ற முகங்களில் இரண்டு பேர் சந்தைக் குண்டோடு போய்விட்டார்கள். பலர் ஊரிலேயே இல்லை. சொல்லி அனுப்பியிருந்தாலும் ரபீக்கா வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்தக் கிழமை ஒரு முஸ்லிம் பெண் தனியாக லிங்கநகர்ப் பக்கம் வருவதும், ஒரு தமிழ்ப் பெண் கிண்ணியாவுக்குப் போவதும் லேசான காரியம் இல்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவர் வந்து இறங்கியபோது இராசமலர் கையைப் பிடித்துக்கொண்டார்.

படம் ஓடியது. முதலில் எல்லாரும் மைக்கைக் கண்டு ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். பிறகு ஒருத்தி, "இது என்ர மருமகள், இப்ப வவுனியாவில" என்றாள். இன்னொருத்தி, "அந்தச் சாறி என்னட்ட வாங்கி உடுத்தவள், இன்னும் திருப்பித் தரேல்லை" என்றாள். அதோடு வாய்கள் திறந்துகொண்டன. பெயர், முறை, எந்த ஊர், யார் யாரோடு கோபம், எல்லாம் ஏறியது. செத்துப்போன இரண்டு பேரின் முகம் வந்தபோது அவர்களின் பெயரையும் சொன்னார்கள்.

ஐயர் தாலித் தட்டை எடுத்துச் சபைக்கு அனுப்பினார். தட்டு ஆள் ஆளாகத் தொட்டுக் கும்பிடப்பட்டு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் இராசமலர் கதிரையை விட்டு எழும்பி, ஒதுங்கி, அறை வாசல் சீலைக்குப் பின்னால் போனார்.

"மலரக்கா, எங்க போறீங்க?" என்றார் ரபீக்கா.

"தாலி கட்டப் போகினம்."

"அது படம் அக்கா."

இராசமலர் சீலையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். தான் செய்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஒரு வருசத்துக்கு முந்தி நடந்து முடிந்த தாலி கட்டுக்கு, ஒரு பெட்டிக்குள் ஓடுகிற தாலி கட்டுக்கு, இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது, பிறகு ஆத்திரமாக இருந்தது. யார் மேல் ஆத்திரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சட்டம், தூதரகம், அண்ணன், செத்துப்போன அருளம்பலம், எல்லாரும் அதற்குள் இருந்தார்கள்.

திரும்பி வந்து மைக்குக்கு முன்னால் இருந்தார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார்.

"நான் பொம்பிளையின்ர தாய், இராசமலர்" என்றார் இராசமலர். "தாய் எங்க எண்டு கேட்டனீங்கள். நான் குசினிக்குள்ள நிண்டனான். எனக்குப் புருசன் இல்லை, அதால முன்னுக்கு வரேல்லை. என்ர பிள்ளைக்குத் தாலி ஏறினதை நான் காணேல்லை. இப்பதான் காணுறன்."

தாலி ஏறியது. இராசமலர் தலையை நிமிர்த்திக் குரவை போட்டார். ஈச்சிலம்பற்றில் கலியாணப் பந்தலில் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புவார்களே, அதே குரவை. அருளம்பலம் போனதற்குப் பிறகு அவர் அதைப் போட்டதே இல்லை. அடுத்த மூச்சில் ரபீக்காவும் சேர்ந்துகொண்டார். குறிஞ்சாக்கேணியிலும் கலியாணத்துக்குக் குரவைதான். பிறகு எல்லாரும் போட்டார்கள். யேசுரட்ணம் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தான்.

சீடியைக் கொழும்பு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார்கள். பஸ் வழியில் நிற்குமோ, கொண்டக்டரை இறக்குவார்களோ, பையைக் கொட்டுவார்களோ என்று இராசமலர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அண்ணன் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. ஷெல் சத்தம் மூதூர்ப் பக்கம் கேட்கத் தொடங்கியது. இராசமலர் காலையும் பின்னேரமும் கொமினிக்கேசன் கடை வாசலில் கிடந்த மர வாங்கிலில் போய் இருந்தார். ஏனென்று கடைக்காரன் கேட்கவில்லை. அந்த வாங்கிலில் இருந்த எல்லாருக்கும் அதே வேலைதான்.

ஒரு பின்னேரம் அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா, விசா தந்திட்டினம்" என்றாள் சுபாசினி.

இராசமலருக்கு உடனே நம்ப முடியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் திரும்பச் சொன்னாள். மொழிபெயர்க்க இருந்த பெண் சாறிக் கதைக்குச் சிரித்தாளாம். இராசமலர் கதைத்த இடத்தில் மொழிபெயர்க்காமல் நின்றுவிட்டாளாம். என்ன சொல்கிறார் என்று தூதரக அதிகாரி இரண்டு தரம் கேட்டபிறகுதான் சொன்னாளாம். அதைக் கேட்டுவிட்டு அவர் மிச்சப் படத்தைப் பார்க்கவே இல்லையாம்.

"எப்ப வாறாய், பிள்ளை? உடுப்பெல்லாம் தைச்சு வைச்சிருக்கிறன்."

"நான் வரேலாது அம்மா. றோட்டைப் பூட்டப் போறாங்களாம். மாமா இஞ்சயிருந்தே ஏத்திவிடுறன் எண்டு சொல்லிப்போட்டார். நாளையிண்டைக்குப் பிளேன். நீங்களும் வெளிக்கிடாதேங்கோ, வழியில ஏதும் நடந்தால் நான் என்னெண்டு போறது?"

இராசமலர் சுவரில் சாய்ந்துகொண்டார். கேட்ட வேண்டுதல் கிடைத்துவிட்டது. பிள்ளை தப்பிவிட்டாள். அது சந்தோசமா வேறொன்றா என்று அவரால் சொல்ல முடியவில்லை. இந்தத் தரமும் அவர் முன்னுக்கு நிற்கப்போவதில்லை.

"அம்மா? நிக்கிறியளோ?"

"நிக்கிறன்" என்றார். ரிசீவரை வாய்க்குக் கிட்டப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கூண்டுக்குள் நின்றபடியே குரவை போட்டார்.

வெளியே வாங்கிலில் இருந்தவர்கள் திடுக்கிட்டு எழும்பிவிட்டார்கள். அந்த நாட்களில் அந்தக் கூண்டுக்குள்ளிருந்து வந்ததெல்லாம் வேறு சத்தம். ஒரு மனுசி ஓடிவந்து கதவைத் திறந்து, "ஐயோ, ஆருக்கு என்ன நடந்தது?" என்று பதறிக் கேட்டார்.

"ஒண்டும் இல்லை" என்றார் இராசமலர். "என்ர மகள் புருசனிட்டப் போறாள்."